ஓசு மாதிரி எடுக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறும்படம் எடுக்க வருகிறவர்கள் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் இரண்டு படங்களைப் பார்த்த கையோடு அவரைப் போலவே எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கிளம்பியவன்தான். அவரை இன்னொரு ஜப்பானிய இயக்குநரான குரோசவாவோடு குழப்பிக்கொள்வது போன்றவை தானாகச் சரியாகிவிடும், விட்டுவிடலாம்.

கேமராவைத் தரையில் வைப்பது

இன்னும் எரிச்சல் தீராத தவறு இது. ஒரு பையன் கேமராவை வாடகைக்கு எடுத்து, அகலமாகக் காட்டும் 24 எம்எம் லென்ஸ் மாட்டி, சின்ன அறையில் தரையோடு தரையாக வைத்தான். அப்பாவாக நடித்தவர் நாற்காலியில். நாள் முழுக்க எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் முழங்கால் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேலே மூக்குத் துவாரம், அதற்கும் மேலே மின்விசிறி. எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. வாடகை இரட்டிப்பு.

ஓசுவின் கேமராவுக்கு ஒரே உயரம் கிடையாது. எதை எடுக்கிறாரோ அதைவிடச் சற்றுத் தாழ்வாக வைப்பார், அவ்வளவுதான். ஆள் பாயில் உட்கார்ந்தால் கேமரா இறங்கும், எழுந்து நின்றால் ஏறும். அண்ணாந்து பார்க்காது, ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும். லென்ஸ் பெரும்பாலும் 50 எம்எம், அதாவது 24 எம்எம்மைவிடக் குறுகலாகக் காட்டுவது. ஷோச்சிகு என்ற ஜப்பானியப் பட நிறுவனத்தின் ஸ்டுடியோவில் செட் போட்டு எடுத்ததால் பின்னால் தள்ளிப்போக இடம் இருந்தது. உங்கள் அறையில் இடமில்லையா? வெளியே போய்க் கதவு வழியாக எடுங்கள். அவரே எத்தனையோ காட்சிகளை வீட்டுக்குள் இருக்கும் நடைபாதையிலிருந்து அப்படித்தான் எடுத்திருக்கிறார். அப்புறம், மேஜைமேல் இருக்கும் கிண்ணத்தைக்கூட வ்யூஃபைண்டரில் பார்த்துப் பார்த்து நகர்த்த வைப்பார். அந்த மெனக்கெடலை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் காப்பியடித்தால் முழங்கால்தான் மிஞ்சும்.

வசனத்தை நடிகர்களிடம் விடுவது

பேச்சு அத்தனை இயல்பாக இருப்பதால், செட்டில் பார்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறார்கள். கூட்டாகத் திரைக்கதை எழுதிய கோகோ நோடாவும் ஓசுவும் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய பேச்சு அது. நடிகரின் கை அசைவுகூட ஓசு சொன்னபடிதான்.

கேமரா நகரவே நகராது என்பது

1958 முதல் வந்த கலர் படங்களுக்கு அது சரி. 1951-இல் வந்த ‘ஏர்லி சம்மர்’ படத்தில் கேமராவை உயரத் தூக்கி நகர்த்தும் கிரேன் ஷாட்டே உண்டு.

‘லேட் ஸ்பிரிங்’ பூச்சாடிக்கு அர்த்தம் தேடுவது

அந்தப் படத்தில் மகளின் முகத்துக்கு நடுவே வரும் பூச்சாடி ஷாட்டுக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்வார்கள். வேண்டாம்.

அழுமூஞ்சிப் படங்கள் என்று முடிவு கட்டுவது

‘குட் மார்னிங்’ (1959) பாருங்கள். நெற்றியை அழுத்தினால் குசு விட வேண்டும். பையன்களின் விளையாட்டே அதுதான்.