பூங்காவில் ஓடிப் பழகியவருக்கு முதல் மலைக்காட்டு ஓட்டம்: பாக்ஸ் ஹில்லில் ஒரு சுற்று

ஊர்ப்பக்கப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்ட கல். தலைச்சுமையோடு வருகிறவர் அதன்மேல் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம், அடுத்தவர் கை தேவையில்லை. மலைப்பாதையில் ஓட எனக்குக் கைகொடுத்தது இந்தக் கல்லின் கணக்குதான். கிலோமீட்டரை மறந்துவிட்டு, அடுத்து எங்கே நிற்கப் போகிறோம் என்பதை மட்டும் பார்ப்பது.

அதற்கு லண்டனுக்குத் தெற்கே, சர்ரேயில் டார்க்கிங் ஊருக்குப் பக்கத்திலுள்ள பாக்ஸ் ஹில் போல வசதியான குன்று வேறில்லை என்பேன். நூறடிக்கு ஒரு கதை நிற்கிறது. பெயரில் உள்ள பாக்ஸ் பெட்டி அல்ல, சரிவெங்கும் வளரும் ஒரு குட்டை மரம். அதன் கட்டை தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம்.

கீழே சொல்வது ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சுற்று, சுமார் 120 மீட்டர் ஏற்றம். சமதரையில் நிற்காமல் அரைமணி நேரம் ஓட முடிகிறவருக்குப் போதும்.

படி 1: செருப்புக் கணக்கு

இந்தக் குன்று முழுக்கச் சுண்ணப்பாறை. காய்ந்திருந்தால் நல்ல தரை. நனைந்துவிட்டால் சோப்பு தடவிய குளியலறைதான். முதல் முறை நான் தார்ச்சாலை ஷூவோடு போனேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. இறக்கத்தில் இரண்டு முறை உட்கார்ந்தேன், இரண்டுமே நானாக உட்கார்ந்ததல்ல. அடியில் பற்கள் உள்ள ட்ரெயில் ஷூ வாங்குங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும்.

நாடா கட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஷூவின் உச்சியில் கணுக்காலை ஒட்டி ஒரு ஓட்டை கூடுதலாக இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. நாடாவை அதே பக்கத்தில் அந்த ஓட்டைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. அப்புறம் ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் ஷூவுக்குள் வழுக்காது, விரல்கள் முன்னால் போய் இடிக்காது.

மற்றபடி அரை லிட்டர் தண்ணீர், மெல்லிய மழைச்சட்டை, சார்ஜ் உள்ள ஃபோன். காகித வரைபடம் பிடிக்கும் என்றால் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 146.

படி 2: ஆற்றங்கரை வரை மெதுவாக

வாட்டர்லூவிலிருந்து விம்பிள்டன், எப்சம் வழியாக டார்க்கிங் போகும் ரயிலில் ஏறி, அதற்கு முந்தைய நிலையமான பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிளில் இறங்குங்கள். 1867இல் திறந்த, பொம்மை வீடு போன்ற நிலையம். ஏ24 பெருஞ்சாலையைச் சுரங்கப்பாதை வழியாகவே கடக்க வேண்டும். அவசரப்பட்டு மேலே குறுக்கே ஓடாதீர்கள். சாலையைத் தாண்டித் தெற்கே திரும்பினால் மோல் ஆற்றின் ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ். இதுவரை உடல் சூடேற்றம் மட்டும், அரட்டை அடிக்கிற வேகம்.

ஆற்றின் குறுக்கே 17 கற்கள். பழைய கற்களை இரண்டாம் உலகப்போரில், எதிரி வந்து இறங்கினால் பயன்படக் கூடாது என்று அழித்துவிட்டார்கள். உள்துறை அமைச்சராக இருந்த சூட்டர் ஈட் தம் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுக்க, 1946இல் பிரதமர் அட்லி திறந்து வைத்தார். ஒரு நாட்டின் பிரதமர் வந்து பதினேழு கல்லைத் திறந்து வைத்திருக்கிறார்! இதுதான் நம் முதல் சுமைதாங்கி. நின்று மூச்சை நிதானமாக்கிக்கொள்ளுங்கள். கற்களை நடந்தே கடங்கள். தண்ணீர் கற்களை மூடியிருந்தால் பக்கத்திலேயே நடைபாலம் உண்டு.

படி 3: ஏற்றத்தில் வெட்கப்படாமல் நடக்க

ஆற்றைத் தாண்டியதும் படிக்கட்டு. எண்ணத் தொடங்கினால் இருநூறைத் தாண்டியும் போய்க்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். முதல் முப்பது படியை வீராப்பாக ஓடிவிட்டு, மிச்சத்தைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முடிப்பார்கள்.

விதி ஒன்றுதான்: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு இடறாமல் சொல்ல முடியவில்லையா, உடனே நடக்கத் தொடங்குங்கள். பல வருடம் மலையில் ஓடுகிறவர்களும் செங்குத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். உடலை லேசாக முன்னால் சாய்த்து, உள்ளங்கையை முட்டிக்கு மேலே வைத்து, ஒவ்வொரு அடிக்கும் தொடையை அழுத்தி எழும்புங்கள். எட்டு சின்னதாக இருக்கட்டும். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் மனசு உடைந்துவிடும். இருபுறமும் யூ என்ற ஊசியிலை மரங்கள், வேர்கள் வெளியே புடைத்திருக்கும். வேர்மேல் கால் வைக்காமல் வேருக்கு அப்பால் வையுங்கள்.

உச்சியில் வெளிச்சம் திடீரென்று விரியும் இடம் சாலமன்ஸ் நினைவிடம். லியோபோல்ட் சாலமன்ஸ் 1914இல் இந்தக் குன்றை விலைக்கு வாங்கி, இயற்கையையும் பழைய இடங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் ட்ரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். அவர் இல்லாவிட்டால் இங்கே வீடுகள் முளைத்திருக்கலாம். உட்காரத் திண்ணை இருக்கிறது. தண்ணீர் குடியுங்கள், கீழே டார்க்கிங்கைப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும்.

படி 4: மேட்டில் ஓட்டம்

சரி, இப்போதுதான் நிஜமான ஓட்டம். மேட்டுப்பகுதி ஓரளவு சமம். சர்ரேயிலிருந்து டோவர் வரை 246 கிலோமீட்டர் போகும் நார்த் டவுன்ஸ் வே என்ற நெடுநடைப்பாதை இந்தக் குன்றின் வழியாகத்தான் செல்கிறது, வழிக்கம்பங்களில் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும். நாம் அதை விட்டுப் பழைய கோட்டைப் பக்கம் திரும்புகிறோம். பிரெஞ்சுப் படையெடுப்பு வரலாம் என்ற பயத்தில் 1890களில், லண்டனைக் காக்கக் கட்டிய 13 அரண்களில் ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் வரவில்லை. இப்போது வௌவால்கள் குடியிருக்கின்றன.

அங்கிருந்து மேற்கே, மரங்களுக்கு நடுவே ஒரு கல் நிற்கும். பீட்டர் லபிலியர் என்ற ஓய்வுபெற்ற ராணுவ மேஜரை 1800இல் தலைகீழாகப் புதைத்த இடம். உலகமே தலைகீழாகக் கிடக்கிறது, இறுதிநாளில் அது புரளும்போது நான் மட்டும் நேராக நிற்பேன் என்பது அவர் கணக்காம். முதல்முறை வருகிற நண்பர்களை நான் கட்டாயம் இங்கே நிறுத்துவேன். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு இயல்பாகிவிடும்.

கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை கட்டிய பெல்டட் கேலவே மாடுகள் பாதையில் நின்றால் ஓட்டத்தை நிறுத்தி, சுற்றி நடந்து போங்கள். மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். இது யாரும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 5: இறக்கம்

ஸிக்ஸாக் சாலையைக் கடக்கும்போது இரு பக்கமும் பாருங்கள். 2012 ஒலிம்பிக் சைக்கிள் பந்தயம் போன சாலை, வாரக்கடைசியில் சைக்கிள்கள் சத்தமில்லாமல் பறந்து வரும். அப்பால் பர்ஃபோர்ட் ஸ்பர் என்ற புல்மேடு.

இறங்கும்போது பின்னால் சாயத்தான் உடம்பு சொல்லும். சாய்ந்தால் குதிகால் முன்னால் வழுக்கும், முட்டியும் அடி வாங்கும். இடுப்பைக் காலுக்கு நேர் மேலே வையுங்கள். சின்னச் சின்ன எட்டாக, அடுப்புமேல் மிதிக்கிற மாதிரி காலைச் சட்டென்று எடுத்து வையுங்கள். கைகளைக் கோழி இறக்கை விரிப்பதுபோல் அகல விடுங்கள். பார்வை பெருவிரலில் வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னால். வேகம் கைமீறினால் நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து இறங்குங்கள்.

கீழே இறங்கி, வந்த சுரங்கப்பாதை வழியாகவே நிலையம். ரயில் வரும்வரை காலுறையை இறக்கி, முழங்கால் மடிப்பையும் கணுக்காலையும் பாருங்கள். கோடையில் புல்லிலிருந்து உண்ணி ஏறும், லைம் நோய் அதனால்தான் வருகிறது. ஒட்டியிருந்தால் நசுக்காமல், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுநாள் முன்தொடை வலிக்கும். வலி போனபின் இன்னொரு முறை இதே சுற்று. மூன்றாம் முறை சாலைக்கு வடக்கே, பியானோ செய்த குடும்பத்துத் தாமஸ் ப்ராட்வுட் கட்டிய சக்கிமுக்கிக் கல் கோபுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கோபுரத்துக்குள் ஒரு மரம் வளர்ந்து நிற்கிறது. அதற்கு இன்னொரு பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும்.