விமான டிக்கெட்டை முதலில் போடாதீர்கள்: டெல்டா கடலோரப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நானும் என் வீட்டுக்காரரும் மன்னார்குடிக்காரர்கள். கடல் எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. இருந்தும் பிச்சாவரம் தொடங்கி முத்துப்பேட்டை வரை இந்தக் கரையைச் சுற்றிவிட்டு, அப்படியே யாழ்ப்பாணத்துக்கும் போய் வரலாம் என்று கிளம்பியபோது, வெளியூர்க்காரர்கள் செய்கிற தவறுகளை ஒன்று விடாமல் செய்தோம். அதில் பாதி, நாட்களைக் கணக்குப் போட்டதில் வந்தது.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காங்கேசன்துறைக்குச் 'செரியாபாணி' என்ற சிறிய கப்பல் கிளம்பியது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் சில நாட்களிலேயே அது நின்றுபோனது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' என்ற கப்பலோடு சேவை மறுபடி தொடங்கியது. சுமார் 110 கிலோமீட்டர், ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2025இல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. அது இறங்கும் பலாலி விமான நிலையமும் காங்கேசன்துறைத் துறைமுகமும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஒரு பக்கம் விமானம், மறுபக்கம் கப்பல் என்று திட்டம் போட யாருக்குத்தான் ஆசை வராது!

நாங்கள் போகும்போது விமானம், வரும்போது கப்பல் என்று வைத்தோம். கப்பல் வந்து சேரும் நாளுக்கு மறுநாள் காலை என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயாக வேண்டும். மூன்று நாள் யாழ்ப்பாணம் சுற்றிவிட்டுத் திரும்ப நினைத்தால், காற்று பலமாக இருக்கிறது, இன்றைக்குக் கப்பல் இல்லை என்றார்கள். கடல் இருந்த இருப்புக்கு அதை விடாததுதான் சரி. அவசரமாக விமான டிக்கெட் வாங்கித் திரும்பினோம். அந்தக் காசில் கோடியக்கரைக்கு நான்கு முறை போய் வந்திருக்கலாம்.

வரிசையை மாற்றியிருந்தால் இந்தப் பாடே இல்லை. போகும்போது கப்பல், வரும்போது விமானம். கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் நீங்கள் நம் கரையில்தான் இருப்பீர்கள். நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, கொஞ்சம் வடக்கே போனால் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை என்று நாள் ஓடிவிடும். அதனால் முதலில் கப்பல் நடக்கிற மாதத்தைப் பாருங்கள், கப்பல் தள்ளிப்போனால் சமாளிக்கத் திரும்பும் நாளுக்கு முன்னால் இரண்டு நாளைக் கூடுதலாக விடுங்கள், அப்புறம் விமான டிக்கெட். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கப்பலை நம்பித் திட்டமே வேண்டாம். நாகை துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்தியில் பார்க்கும் பழக்கம் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு உண்டு. ஒன்றாம் எண் கூண்டு என்றால் புயல் சின்னம் தொலைவில்தான் இருக்கிறது என்று அர்த்தம். அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் மறுநாள் படகுப் பயணத்துக்கு ஆசையாகப் பை கட்டவும் வேண்டாம்.

பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் என் கணக்கில் நல்ல காலம். மழை விட்டிருக்கும், வலசை வந்த பறவைகளும் இருக்கும். பொங்கலை ஒட்டி வருகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். அது சம்பா அறுவடைக் காலம். சாலையில் பாதியை நெல் காயப்போட்டிருப்பார்கள், மீதியில் அறுவடை இயந்திரம் போய்க்கொண்டிருக்கும். திருச்சியில் இறங்கி நாகைக்கு மூன்று மணி நேரம் என்று மேப் சொல்வதை அப்போது நம்பாதீர்கள்.

அடுத்த தவறு, யாழ்ப்பாணத்தைப் பக்கத்து ஊர் என்று நினைத்துக்கொள்வது. பேச்சு நம் பேச்சு, சாப்பாடும் ஏறக்குறைய நம் சாப்பாடு, ஆனால் அது வேறு நாடு. ஆதார் அட்டை செல்லாது. குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும், இலங்கைக்கான பயண அனுமதியை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்க வேண்டும், துறைமுகத்திலும் குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை எல்லாம் உண்டு. பஸ் ஏறுவதுபோலக் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏற முடியாது. ஜோடியாகப் போகிறவர்கள் இதோடு இன்னொன்றையும் செய்வார்கள். இரண்டு பேர் பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், பணம் எல்லாம் ஒரே பையில், அதுவும் மனைவியின் தோளில். அந்தப் பை தவறினால் இருவருமே நடுத்தெருவில்தான். அவரவர் தாள்கள் அவரவரிடம் இருக்கட்டும்.

கப்பலில் குமட்டலுக்குப் பயந்து வெறும் வயிற்றோடு ஏறுவதும் தப்பு, வயிறு முட்டப் பொங்கலும் வடையும் சாப்பிட்டு ஏறுவதும் தப்பு. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். காற்று அடித்தால் அலை குட்டை குட்டையாக, விடாமல் எழும்பும். இரண்டு இட்லி போதும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள், தொலைவில் அடிவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை எடுப்பதானால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். என் வீட்டுக்காரர் இதைச் சோதித்துப் பார்த்தவர்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏ.டி.ஆர் ரகச் சின்ன விமானம் அமைந்தால் ஜன்னலோர இருக்கையை விடாதீர்கள். அதற்கு இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பே இராது. பகல் நேரமாக இருந்தால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாகக் கிடப்பது கண்ணில் படலாம்.

இனி அலையாத்திக் காடு. பிச்சாவரத்தில் நேரம் மிச்சம் என்று மோட்டார் படகில் ஏறுவார்கள். அது அகலமான வாய்க்காலில் சத்தம் போட்டுக்கொண்டு போய்விட்டுத் திரும்பிவிடும். மரங்கள் தலைக்கு மேல் கூரை போட்ட குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். காலையில் முதல் படகில் போங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும்தான்.

முத்துப்பேட்டை வேறு ரகம். அங்கே போய்ப் படகு பிடித்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். வனத்துறை அனுமதி வேண்டும், அதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஜாம்புவானோடையில் ஏறினால் கோரையாறு வழியாக லகூனுக்குப் போகலாம். பெரிய ஏரிபோல விரிந்து கிடக்கும் அந்த நீர்ப்பரப்பில் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுகூட இராது. எங்கள் படகோட்டி, "அம்மா, தண்ணி வத்துது, இப்பவே திரும்பணும்" என்றபோது, இன்னும் ஐந்து நிமிடம், ஒரே ஒரு போட்டோ என்றேன். ஐந்து நிமிடம் கால் மணி நேரமானது. திரும்பும் வழியில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அவர் இறங்கித் தள்ள, என் வீட்டுக்காரரும் வெள்ளை ஷூவோடு இறங்கினார். ஒரு ஷூதான் திரும்பி வந்தது. இன்னொன்று இன்னும் கண்டல் வேர்களுக்கு நடுவே எங்கோ இருக்கிறது.

எனவே ஷூ வேண்டாம், பின்பக்கம் பட்டி உள்ள ரப்பர் செருப்பு போதும். படகோட்டி சொல்கிற நேரத்தில் பேரம் பேசாதீர்கள். நம் கையில் கடிகாரம்தான் இருக்கிறது, நீர் ஏறுவதும் வற்றுவதும் அவருக்குத்தான் தெரியும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டையும் புரட்டிப் போட்டது. படத்தில் பார்த்த பச்சை எல்லா இடத்திலும் இல்லையே என்று படகில் உட்கார்ந்து குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் முன்னால் அப்படிப் பேசாமல் இருப்பது நல்லது. வீடும் தென்னந்தோப்பும் போன ஜனம்.

கோடியக்கரைக்கு மே மாத விடுமுறையில் வந்துவிட்டுப் பூநாரையே இல்லை என்பார்கள். அவை வருவது குளிர்காலத்தில். 1967இல் சரணாலயமான இடம் இது. வெளிமான் ஆண்டு முழுக்க உண்டு, ஆனால் உச்சி வெயிலில் அது புதருக்குள் ஒதுங்கிவிடும். காலை, இல்லாவிட்டால் சாயங்காலம். பைனாகுலர் இல்லாமல் போனால் பறவைகள் வெறும் புள்ளிகள்தான். அங்கே திரியும் காட்டுக் குதிரைகளுக்குப் பிஸ்கட் போடாதீர்கள்.

கடைசியாக ஒரு தவறு, இதை நாங்கள் செய்யவில்லை, ஆனால் ஆசைப்பட்டோம். "அண்ணே, உங்க ஃபைபர் படகுல கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று மீனவரிடம் கேட்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்பதைப் பார்த்தால், சும்மாதானே இருக்கிறார்கள் என்று தோன்றும். அவை சுற்றுலாப் படகுகள் அல்ல. உங்களுக்கு லைஃப் ஜாக்கெட் இராது, ஏதாவது ஆனால் மாட்டிக்கொள்வது அவர்தான். நாங்கள் கேட்ட பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டே, "பாப்பா, உனக்கு அது வேடிக்கை, எனக்கு அது லைசென்ஸ்" என்றார். டீக்குக் காசு கொடுக்கப் போனோம். அவரே எங்களுக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டார்.