ஒகேனக்கல் பரிசல்: கன அடி பார்ப்பதில் இருந்து மீன் வறுவல் வரை

தர்மபுரிக்காரன் என்று தெரிந்தாலே வெளியூர் நண்பர்கள் கேட்பது இரண்டு கேள்விகள்தான். "இப்ப போனா பரிசல் ஓடுமா?", அப்புறம் "எவ்வளவு கேப்பாங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. காவிரியில் இதுவரை பரிசலே ஏறாதவர்கள், குறிப்பாகக் குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள், இதை மனதில் வைத்துக்கொண்டு கிளம்பினால் போதும்.

படி 1: வண்டி சாவியை எடுப்பதற்கு முன்னால் நீர்வரத்தைப் பாருங்கள்

இதைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. பெங்களூரிலிருந்து, சென்னையிலிருந்து எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்து, பென்னாகரம் தாண்டியதும்தான் "பரிசல் இயக்கத் தடை" என்ற செய்தியே காதில் விழும்.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் பிலிகுண்டுலு என்று ஒரு ஊர். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று மத்திய நீர்வள ஆணையம் அளப்பது அங்கேதான். கர்நாடகம் வருடத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) தண்ணீர் தர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதே, அந்தக் கணக்கைப் பார்ப்பதும் இதே இடத்தில்தான். அங்கே அளந்த எண்தான் காலையில் செய்தித்தாளிலும் டிவியிலும் "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு 8 ஆயிரம் கன அடி" என்று வருகிறது. ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர். 8 ஆயிரம் கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் இரண்டேகால் லட்சம் லிட்டர் தண்ணீர், அதாவது 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி கிட்டத்தட்ட 19 வண்டி, கண் மூடித் திறப்பதற்குள் உங்களைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம்.

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மூன்று நாள் செய்தியை வரிசையாகப் பார்த்து, ஏறிக்கொண்டே வருகிறது என்றால் நீங்கள் போய்ச் சேரும்போது தடை போட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இறங்கிக்கொண்டே வருகிறது என்றால் கிளம்பலாம். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பி, உபரி நீரைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் இங்கே தர்மபுரியில் வெயில் காய்ந்தாலும் ஆறு பொங்கும். "எங்க ஊர்ல மழையே இல்லையே, அப்புறம் எப்படி வெள்ளம்?" என்று கேட்காதீர்கள். 2024 ஆடியில் இப்படித்தான் நீர்வரத்து ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த அளவில் அருவி என்று தனியாக ஒன்று இருக்காது, பாறையெல்லாம் முங்கி ஒரே செம்மண் நிறத்தில் ஆறு மட்டும் ஓடும்.

தடை போடுவதும் எடுப்பதும் மாவட்ட நிர்வாகம். குளிக்கத் தடை வேறு, பரிசலுக்குத் தடை வேறு. இரண்டும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும், அதனால் செய்தியை முழுதாகப் படியுங்கள். பொதுவாக ஜூன் கடைசியில் இருந்து செப்டம்பர் வரைக்கும் சீட்டாட்டம் மாதிரிதான். ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் வருவதுதான் என் கணக்குக்கு நல்லது. சித்திரை வெயிலில் பரிசல் ஓடும், ஆனால் அருவி மெலிந்துபோய் இருக்கும், பாறையில் காலே வைக்க முடியாது. ஆடிப் பெருக்கு அன்று மட்டும் பரிசலுக்கென்று வராதீர்கள், அது கும்பிட வருகிறவர்களின் நாள், கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது.

படி 2: வந்து சேருங்கள்

தர்மபுரியில் இருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். பேருந்து நிலையத்தில் இருந்து அடிக்கடி பஸ் உண்டு. கிருஷ்ணகிரி பக்கம் இருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் தர்மபுரிக்குள் வராமல் ராயக்கோட்டை, பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் என்றும் வரலாம். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது, 1925-ல் அவர் காலமான ஊர், பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனால் ஒன்றும் குறையாது. ஓசூர்க்காரர்களுக்கு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒரு காட்டுப்பாதை இருக்கிறது. அழகான பாதைதான், ஆனால் யானை நடமாட்டம் உள்ள காடு. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் வேண்டாம்.

பென்னாகரம் தாண்டி இறக்கத்தில் வளைவுகள் வரும். அங்கே குரங்குக்குத் தின்பண்டம் போட வண்டியை நிறுத்தாதீர்கள், ஒன்றுக்குப் போட்டால் ஒன்பது வரும்.

படி 3: பரிசல் எடுப்பது

சீட்டு கொடுக்கும் இடத்தில் கட்டணம் எழுதிப் போட்டிருக்கும். அதைப் படித்து, அங்கேயே பணம் கட்டி, ரசீது வாங்குங்கள். வண்டியை நிறுத்தியதுமே "சார், பரிசலா?" என்று சிலர் கூடவே நடந்து வருவார்கள். "சீட்டு எடுத்துட்டு வரோம்ணா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள், கோபப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கும் பிழைப்பு. வருடத்தில் சில மாதம் வெள்ளம், சில மாதம் வறட்சி, நடுவில் கிடைக்கும் நாட்களில்தான் அவர்கள் சம்பாதித்தாக வேண்டும்.

கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, ஒரு பரிசலுக்கு இவ்வளவு. ஆகவே இரண்டு பேராக வந்தால் கொஞ்சம் கையைக் கடிக்கும், நான்கு பேராக வந்தால் சரியாக இருக்கும். "அஞ்சாவது ஆளா குழந்தைதானே" என்று பேரம் பேசாதீர்கள். எத்தனை பேர் என்று சொல்கிறார்களோ அத்தனை பேர்.

ஏறுவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு எதுவரை போகும்? எங்கேயாவது இறங்கி நடக்க வேண்டுமா? தண்ணீர் அளவைப் பொறுத்து வழி மாறும். சின்னாறு பரிசல் துறையில் ஏறி, கோத்திக்கல் பாறை, பெரியபாணி, மெயின் அருவி, மணல்திட்டு என்று போவது எல்லோரும் விரும்பும் சுற்று. வெள்ளம் வடிந்து அப்போதுதான் தடையை எடுத்திருக்கிறார்கள் என்றால் சுற்றைச் சுருக்கிவிடுவார்கள். தண்ணீர் குறைவான நாளில் பாறை மேல் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்வார்கள், பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் போவார். முட்டி வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

படி 4: ஏறி உட்காருவது

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கொடுப்பதை வாங்கி சும்மா தோளில் மாட்டிக்கொண்டு செல்ஃபிக்கு நிற்காதீர்கள். எல்லா வாரையும் பூட்டி, இறுக்கி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரைக்கும் ஏறிவருகிறது என்றால் அது தளர்வு, தண்ணீரில் விழுந்தால் உங்களை விட்டுவிட்டு அது மட்டும் மிதக்கும். குழந்தைக்குச் சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் குழந்தையைக் கரையில் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பரிசல் எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். மூங்கிலைப் பிளந்து கூடை முடைவது போல வட்டமாக முடைந்து, வெளிப்பக்கம் உறை போட்டு, தண்ணீர் இறங்காமல் தார் பூசியிருப்பார்கள். முந்தைய காலத்தில் தோல், இப்போது பிளாஸ்டிக் தாள். அடி தட்டை என்பதால் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் இடித்தாலும் மூங்கில் வளைந்து கொடுத்துவிடும். இந்தப் பாறைக்காட்டில் மரப்படகு நான்கு நாள் தாங்காது.

ஆனால் வட்டமாக இருப்பதால் ஓரத்தில் மிதித்தால் சாயும். அதனால் பரிசல்காரர் கையைப் பிடித்துக்கொண்டு முதல் அடியை நட்ட நடுவில் வையுங்கள், உடனே குந்தி உட்காருங்கள். ஒருவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அடுத்தவர் நேர் எதிர்ப்பக்கம். கனமான ஆள் எங்கே, ஒல்லியான ஆள் எங்கே என்று பரிசல்காரர் ஒரு பார்வையிலேயே கணக்குப் போட்டுவிடுவார், "அண்ணா நீங்க இங்க வாங்க, அக்கா அந்தப் பக்கம்" என்று மாற்றினால் ரோஷப்படாமல் மாறுங்கள். போன், பர்ஸ் எல்லாம் ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போய்விடட்டும். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கித்தான் இருக்கும், உடை நனையும். காய்ந்த உடை ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

படி 5: ஆற்றில்

கிளம்பியதும் பரிசல்காரர் கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். துடுப்பை முன்னால் போட்டுத் தன் பக்கமாக இழுப்பார், இழுக்கும்போதே மணிக்கட்டை லேசாகத் திருப்புவார். அந்தத் திருப்பல் இல்லை என்றால் பரிசல் போன இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அதற்கு முன்பக்கம் பின்பக்கம் எதுவும் கிடையாது. எதிர்நீச்சல் இடங்களில் நடு ஆற்றை விட்டுவிட்டுப் பாறை ஓரமாகவே ஒட்டிப் போவார், ஓரத்தில்தான் இழுப்பு குறைவு. சில இடத்தில் துடுப்பைத் தண்ணீரில் போடாமல் பாறை மேலேயே ஊன்றித் தள்ளுவார்.

அப்புறம் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உயர்ந்து, சத்தம் மாறும். சாரல் முகத்தில் அடிக்க ஆரம்பித்தால் அருவி பக்கத்தில் வந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் கிடைக்கும் கார்பனடைட் என்ற பாறைக்கு ஏறக்குறைய 240 கோடி வருடம் வயது என்று புவியியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அக்கரையில் தெரிவது கர்நாடகம், அங்கிருந்தும் பரிசல் வரும். நடு ஆற்றிலேயே இன்னொரு பரிசலில் சிப்ஸும் கூல்டிரிங்ஸும் விற்றுக்கொண்டு வருவார்கள். வாங்குங்கள், தப்பில்லை, காலிக் கவரை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதே தண்ணீர்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து வீடுகளுக்குக் குழாயில் வருகிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமாகி, சின்ன வயதிலேயே பல்லெல்லாம் பழுப்பேறிப்போன ஊர்கள் எங்கள் ஊர்கள், அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

செய்யக் கூடாதது என்று பார்த்தால், எழுந்து நிற்கக் கூடாது. படத்துக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. பாறைக்கும் பரிசலுக்கும் நடுவில் கையை விடக் கூடாது, விரல் நசுங்கும். "அண்ணா, ஒரு சுத்து சுத்துங்கண்ணா" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது, அமைதியான தண்ணீரில் அவராக லேசாகச் சுற்றினால் அது வேறு, அருவிக்குப் பக்கத்தில் போய்க் கட்டாயப்படுத்தாதீர்கள். "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க" என்று கூடுதல் காசு நீட்டுவதும் அப்படித்தான். அவர் போதும் என்று நிறுத்திய இடம்தான் அன்றைய எல்லை. பாறை உச்சியில் இருந்து பையன்கள் குதித்துக் காட்டிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், நீங்கள் கொடுக்கும் காசுதான் அடுத்த முறை அவனை இன்னும் உயரத்தில் ஏற்றும்.

படி 6: கரை ஏறியதும்

பரிசலை முதலில் முடித்துவிட்டு அப்புறம் மசாஜ், அப்புறம் குளியல், கடைசியில் சாப்பாடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெய் வழிய வழியப் பரிசல் ஏறினால் உட்கார்ந்த இடத்தில் நிற்க மாட்டீர்கள், சாப்பிட்டுவிட்டு ஏறினால் வயிறு கலங்கும். காலையில் சீக்கிரம் வந்தால் வெயிலுக்கு முன்னால் சவாரி முடிந்துவிடும்.

அன்றைக்குத் தடை என்றாலும் திரும்பிப் போய்விட வேண்டாம். தொங்கு பாலத்தில் இருந்து அருவியைப் பார்க்கலாம், முதலைப் பண்ணை இருக்கிறது, மசாஜ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், குளிக்க அனுமதித்த இடத்தில் குளிக்கலாம்.

மீன் விஷயத்தில் மட்டும் ஒன்று. வறுத்து அடுக்கி வைத்திருப்பதை வாங்குவதை விட, பச்சை மீனாக வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். மீனுக்குத் தனி, சமையல் கூலி தனி, எண்ணெய் மசாலா அதில் சேர்த்தியா இல்லையா என்பதை மீனை வெட்டுவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். பரிசலுக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டுப் போனால் குளித்து வருவதற்குள் குழம்பு தயாராக இருக்கும்.