கனடியப் போர்க்கோப்பில் மூதாதையைத் தேட: பதக்கத்தின் விளிம்பிலிருந்து ஆரம்பியுங்கள்

போன டிசம்பரில் மருமகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஒன்டாரியோவிலேயே பிறந்து வளர்ந்த பெண். டப்பாவுக்குள் ரிப்பன் நைந்துபோன வெள்ளிப் பதக்கம் ஒன்று இருந்தது. அவளுடைய அம்மாவின் தாத்தா முதல் உலகப்போரில் வாங்கியது. பிரான்சில் நடந்த விமி மேட்டுச் சண்டையில் அடிபட்டார் என்பார்களாம். அதற்குமேல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. என் கொள்ளுத்தாத்தா பெயரே எனக்குத் தெரியாது, இதில் அவர்களை நான் என்ன சொல்ல? ஆனால் இரண்டு மாதத்தில் அவரை ஓரளவு கண்டுபிடித்துவிட்டோம். வழியில் நான் விழுந்த பள்ளங்களில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: படையில் அவருக்குக் கொடுத்த எண்ணைப் பிடியுங்கள். பெயரை வைத்துத் தேடினால் ஒரே பெயரில் ஐம்பது பேர் வந்து நிற்பார்கள். பதக்கத்தைச் செங்குத்தாகப் பிடித்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். (1914–15 நட்சத்திரப் பதக்கம் என்றால் முதுகில் இருக்கும்.) தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். பதக்கம் இல்லாதவர்கள் பழைய கடிதம், டிஸ்சார்ஜ் சான்றிதழ், கல்லறைக்கல் என்று தேடுங்கள்.

இரண்டாம் படி: கனடாவின் தேசிய ஆவணக் காப்பகமான லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸ் கனடாவின் தளத்துக்குப் போய், முதல் உலகப்போர் பணியாளர் கோப்புகள் பகுதியில் அந்த எண்ணை மட்டும் போடுங்கள். பெயரையும் சேர்த்துப் போட்டால் எழுத்துப் பிழை ஒன்று எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஏறக்குறைய 6,20,000 பேருடைய கோப்புகள் இருக்கின்றன. 2018-இல் முழுவதையும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டார்கள். எல்லாம் இலவசம். காசு கட்டும் தளங்களுக்கு இந்தக் கட்டத்தில் ஒரு டாலர்கூடத் தராதீர்கள். பிரிட்டிஷ் படையினரின் கோப்புகளில் பெரும்பகுதி 1940-இல் லண்டனில் விழுந்த குண்டில் எரிந்துபோனது. கனடியக் கோப்புகளுக்கு அந்தக் கதி வரவில்லை. பி.டி.எஃப்-ஐ இறக்கி வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

மூன்றாம் படி: அட்டெஸ்டேஷன் பேப்பர், அதாவது சேர்ந்த அன்று கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவம். பிறந்த ஊர், தொழில், நெருங்கிய உறவினர், மறுபக்கத்தில் உயரம், கண் நிறம், மதம். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். சின்னப் பையன்கள் வயதைக் கூட்டிச் சொன்னார்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் குறைத்துச் சொன்னார்கள். எங்கள் ஆளும் இரண்டு வருடம் கூட்டியிருக்கிறார்.

நான்காம் படியில்தான் எனக்கு மூன்று வாரம் போனது. காஷுவல்டி ஃபார்ம் என்று ஒரு தாள் இருக்கும். அந்தத் தலைப்பைப் பார்த்ததுமே காயம், சாவு என்று பதறிவிட்டேன். அப்படியில்லை. பதவி உயர்வு, இடமாற்றம், காய்ச்சல், விடுப்பு எல்லாமே அந்தப் படிவத்தில்தான் ஏறும். எல்லோருக்கும் ஒன்று உண்டு. அடுத்து, 1918 ஆகஸ்ட் தேதிக்கு நேராக எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தது. கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற அபயக்குரல் என்று நினைத்து, ஆள் ஏதோ கடலில் சிக்கிவிட்டார் என்று மருமகளுக்கு வாட்ஸ்அப்பே அனுப்பிவிட்டேன். அதன் பொருள் ‘இந்தப் பிரிவின் கணக்கிலிருந்து நீக்கம்’, அவ்வளவுதான். அடுத்த வரியிலேயே டி.ஓ.எஸ். இருந்தது: ‘இன்னொரு பிரிவின் கணக்கில் சேர்ப்பு’. அடிபட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதால், பேரேட்டில் அவரைப் பட்டாலியனிலிருந்து மத்திய ஒன்டாரியோ டிப்போவுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜி.எஸ்.டபிள்யூ. என்றால் குண்டுக் காயம், சி.சி.எஸ். என்றால் களத்துக்குப் பின்னால் இருந்த மருத்துவ நிலையம்.

இதைவிடப் பெரிய பள்ளம் தேதிகள். அந்தப் படிவத்தில் தேதிக்கு இரண்டு பத்திகள் உண்டு. இடது ஓரத்தில் இருப்பது தகவல் வந்து சேர்ந்த தேதி. வலப்பக்கம் ஊர்ப் பெயரை ஒட்டி இருப்பதுதான் சம்பவம் நடந்த தேதி. நான் இடதை எடுத்துக்கொண்டு வரிசைப்படுத்தியதில், மனிதர் ஒரே நாளில் பிரான்சில் பதுங்குகுழியிலும் இங்கிலாந்து ஆஸ்பத்திரியிலும் இருந்தார். வலது பத்தியை வைத்து மறுபடி எழுதியபோதுதான் விஷயம் விளங்கியது. விமித் தாக்குதல் தொடங்கிய 1917 ஏப்ரல் 9 அன்று அவர் பொன்னுக்கு வீங்கி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்! குண்டு பட்டது அடுத்த வருடம், பிரான்சின் அமியான் சண்டையில், இடது முன்கையில். சம்பந்தியம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வரிசைப்படுத்த நான் சாதாரண விரிதாள்தான் வைத்துக்கொண்டேன்: சம்பவத் தேதி, இடம், பிரிவு, கோப்பின் எந்தப் பக்கம் என்று நான்கே பத்திகள். வம்ச மரம் வரையும் மென்பொருள் எனக்கு ஆகாது. ‘இவராக இருக்கலாம்’ என்று அது நீட்டும் ஆளையெல்லாம் ஏற்றுக்கொண்டே போனால், கடைசியில் ஊரான் வீட்டுத் தாத்தாவுக்குத் திவசம் கொடுப்போம்.

ஐந்தாம் படி: சேர்ந்த பட்டாலியனை வைத்துப் போர் நாட்குறிப்பை, அதாவது களத்தில் ஒவ்வொரு பிரிவும் அன்றாடம் எழுதிவைத்த பதிவேட்டை, தேடாதீர்கள். கனடாவில் திரட்டிய பல பட்டாலியன்களை இங்கிலாந்தில் கலைத்து, ஆட்களைக் களத்திலிருந்த பிரிவுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நம்மவர்களுக்குப் பரிச்சயமான உதாரணம் புக்கம் சிங். பஞ்சாபிலிருந்து 1907-இல் வந்தவர், 1915-இல் ஒன்டாரியோவின் ஸ்மித்ஸ் ஃபால்ஸில் 59-ஆவது பட்டாலியனில் சேர்ந்தார். ஆனால் 1916-இல் ஃபிளாண்டர்ஸில் அவர் சண்டை போட்டது 20-ஆவது பட்டாலியனோடு. 59-இன் தாள்களைப் புரட்டினால் அவர் காயப்பட்டது எங்கே என்று தெரியவே வராது. 1919-இல் ஒன்டாரியோவின் கிச்சனர் நகரில் இறந்தார், கல்லறை அங்கேதான். அவரை மறதியிலிருந்து மீட்டதும் பின்னாளில் இங்கிலாந்துக் கடையொன்றில் கிடைத்த அவருடைய பதக்கம்தான். களப் பட்டாலியன் தெரிந்ததும் அதன் நாட்குறிப்பை அதே தளத்தில் படிக்கலாம். சிப்பாய்களின் பெயர் அதில் அநேகமாக இருக்காது; அன்று மழையா, எந்த ஊரில் தங்கல் என்பது கிடைக்கும்.

ஆறாம் படியை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சம்பளத் தாள்கள். சிப்பாய்க்கு நாளொன்றுக்கு 1 டாலர் 10 சென்ட். அதில் ஒரு பகுதியை மாதாமாதம் யாருக்கு அனுப்பினார், எந்த முகவரிக்கு, எப்போது முகவரி மாறியது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். குடும்பம் ஒளிந்திருப்பது இந்தப் பக்கங்களில்தான், சண்டைப் பக்கங்களில் இல்லை. எங்கள் ஆள் பணம் அனுப்பியது லிவர்பூலில் இருந்த ஓர் அக்காவுக்கு. இப்படி ஒரு அக்கா இருந்ததே யாருக்கும் தெரியாது. உறுதிமொழிப் படிவத்திலும் அதே பெயர். அம்மா அப்பா பற்றி ஒரு வரி இல்லை. தொழில் பண்ணை வேலை.

இங்கிலாந்துப் பிறப்பு, பெற்றோர் பெயர் இல்லை, இளவயது, பண்ணை வேலை: இந்த நான்கும் சேர்ந்து வந்தால் ‘ஹோம் சில்ட்ரன்’ பட்டியலைப் பாருங்கள். 1869 முதல் 1930-கள் வரை பிரிட்டனின் அநாதை இல்லங்களிலிருந்தும் ஏழைக் குடும்பங்களிலிருந்தும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைக் கப்பலேற்றிக் கனடியப் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். வளர்ந்ததும் படையில் சேர்ந்தவர்கள் ஏராளம். அதே ஆவணக் காப்பகத் தளத்தில் அவர்களுக்கென்று தனித் தரவுத்தளம் உண்டு. அதில் எங்கள் ஆள் பதினோரு வயதில் தனியாக வந்து இறங்கியிருக்கிறார்.

பிற்சேர்க்கை 1: உறுதிமொழிப் படிவமே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். 1917-இன் கட்டாயச் சேர்க்கைச் சட்டத்தில் வந்தவர்களுக்குப் படிவம் வேறு, கேள்விகளும் குறைவு. அதிகாரிகளுக்கும் தனிப் படிவம். அவர்களுக்கு எண் கிடையாது, பெயரில்தான் தேட வேண்டும்.

பிற்சேர்க்கை 2: நியூஃபவுண்ட்லாந்து தாத்தா கிடைக்கவில்லை என்றவருக்கு: அது கனடாவோடு சேர்ந்ததே 1949-இல்தான். நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமெண்டின் கோப்புகளுக்கு செயின்ட் ஜான்ஸில் உள்ள ‘தி ரூம்ஸ்’ காப்பகத்தை விசாரியுங்கள்.

பிற்சேர்க்கை 3: இரண்டாம் உலகப்போர் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பணியில் இறந்தவர்களின் கோப்புகள் மட்டும்தான் இணையத்தில் திறந்திருக்கின்றன. உயிரோடு திரும்பியவர்களுடையதை விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதற்கு இறப்புச் சான்று கேட்பார்கள். நகலை முதல் தடவையே இணைத்துவிடுங்கள்.