மேசை மேல் ஒரு பாலைவன நகரம்: அறிவியல் புனைவுப் படத்துக்கு மினியேச்சர் செட் கட்டும் முறை

அறிவியல் புனைவுப் படத்தில் வரும் ஒரு நகரத்தை நாம் நம்புவதற்குக் கட்டடங்களின் விசித்திர வடிவம் காரணமல்ல. அந்த ஊரின் வெயில், காற்று, தண்ணீர் எல்லாம் சுவர்களில் தெரிகிறதே, அதுதான் காரணம். இங்கே கட்டப் போவது ஒரே ஒரு தெரு, ஐந்து விநாடி ஷாட். ஒரு மேசை, ஃபோம் போர்டு (இரண்டு காகிதங்களுக்கு நடுவே ஃபோம் வைத்த பலகை), கையால் செட்டிங் மாற்றக்கூடிய ஒரு கேமரா, பொறுமை இவை போதும்.

படி 1: ஊருக்கு ஒரு விதி

வரைய உட்காரும் முன் ஒரே ஒரு இயற்கை விதியை முடிவு செய்யுங்கள். நம் விதி இது: இங்கே மழை கிடையாது, காற்று எப்போதும் மேற்கிலிருந்து மணலோடு அடிக்கிறது.

இந்த ஒரு வரியிலிருந்தே பாதி வடிவமைப்பு வந்துவிடும். மேற்குச் சுவர்களில் ஜன்னல் இருக்காது. வாசல்கள் கிழக்கே திறக்கும். மேற்கு விளிம்புகள் தேய்ந்து உருண்டிருக்கும். காற்றை முதலில் வாங்கும் மேற்கு வரிசை தாழ்வாகவும், அதன் மறைவில் நிற்கும் கிழக்கு வரிசை உயரமாகவும் இருக்கும். கொடி, துணி, கயிறு எல்லாம் கிழக்கே சாய்ந்திருக்கும். அடிப்பலகையில் பென்சிலால் ஒரு பெரிய அம்புக்குறி போட்டு வையுங்கள். பத்தாவது நாளும் திசை மறக்காது. கேமரா வடக்கே பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால் மேற்கு இடது பக்கம்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே ஊருக்கு ஐந்தாறு அதிசயங்களைத் திணிப்பது. மிதக்கும் பாறை, இரண்டு நிலா, ஒளிரும் மரம் என்று அடுக்கினால் எதற்கும் விளைவு காட்ட இடமிருக்காது. ஒரு விதியை எடுத்து அதன் விளைவை ஐம்பது இடத்தில் காட்டுங்கள்.

படி 2: அளவு

1:48 அளவில் கட்டுகிறோம். நிஜத்தில் 48 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ. ஆகும். 1.7 மீட்டர் மனிதர் 3.5 செ.மீ., 2.1 மீட்டர் கதவு 4.4 செ.மீ., 3 மீட்டர் உயர மாடி 6.25 செ.மீ., 4 மீட்டர் அகலத் தெரு 8.3 செ.மீ. இந்த நான்கையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 3.5 செ.மீ. உயரத்தில் ஒரு அட்டை மனிதரையும் வெட்டி வையுங்கள். கதவு, படி, கைப்பிடிச் சுவர் எது செய்தாலும் அவரைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கண் ஏமாறும், அந்த அட்டை ஏமாறாது.

அளவு பெரிதாக இருந்தால் நுணுக்கம் எளிது, இடம் அதிகம் வேண்டும். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களின் மினாஸ் டிரித் நகரத்தை 1:72-ல் கட்டியும் அது பல மீட்டர் உயரம் இருந்தது. வீட்டு மேசைக்கு 1:48 சரியான சமரசம்.

தெருவின் கடைசி வரிசையை மட்டும் 1:96-ல், அதாவது எல்லா அளவையும் சரிபாதியாக்கிக் கட்டுங்கள். இதுதான் ஃபோர்ஸ்டு பெர்ஸ்பெக்டிவ். லென்ஸிலிருந்து 1.1 மீட்டரில் நிற்கும் அந்த வரிசை, பார்ப்பவருக்கு 105 மீட்டர் தள்ளி நிற்பதுபோல் இருக்கும். 1:48-லேயே கட்டியிருந்தால் 53 மீட்டர்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு. கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பின்வரிசை இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் நழுவும். அதனால் பக்கவாட்டு நகர்வு வேண்டாம். முன்னோக்கி மட்டும் போவோம்.

படி 3: முதலில் பழைய அட்டைப்பெட்டியில்

120 செ.மீ. அகலம், 80 செ.மீ. ஆழம் உள்ள பலகையை மேசை விளிம்போடு ஒட்டி வையுங்கள். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டிக் கட்டடம்போல் நிறுத்தி, கேமரா வழியே பாருங்கள். ஒரு மணி நேர வேலை, பிறகு பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

கேமரா மேசை மேல் இருக்கக் கூடாது. மனிதரின் கண் உயரம் 1.6 மீட்டர் என்றால், லென்ஸின் மையம் மாடல் தரையிலிருந்து 3.3 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். மேசை மேல் வைத்தால் கேமராவின் உடலே அதைவிட உயரம். ஆகவே ட்ரைபாடை மேசைக்கு வெளியே நிறுத்தி, விளிம்பை ஒட்டி இறக்குங்கள். செல்ஃபோன் என்றால் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரைக்கு அருகில் வந்துவிடும். மேலிருந்து எடுத்த மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொம்மைதான்.

ஏபிஎஸ்-சி சென்சார் (பல கேமராக்களில் உள்ள நடுத்தர அளவுச் சென்சார்), 18 மி.மீ. லென்ஸ், 16:9 ஃபிரேம் என்று கணக்கிட்டால், 40 செ.மீ. தொலைவில் தரைக்கு மேல் 18 செ.மீ. வரைதான் ஃபிரேமுக்குள் வரும், 80 செ.மீ. தொலைவில் சுமார் 33 செ.மீ. எனவே முன்னால் இரண்டு மாடிக்கு மேல் வேண்டாம். கிழக்கு வரிசையின் ஐந்து மாடிக் கோபுரத்தை, அதாவது 31 செ.மீ. உயரத்தை, 80 செ.மீ. தொலைவில் நிறுத்துங்கள். ஃபிரேமில் விழாத பக்கங்களைக் கட்டவே வேண்டாம்.

படி 4: சுவர்கள்

5 மி.மீ. ஃபோம் போர்டு இந்த அளவில் 24 செ.மீ. தடிமன் கொண்ட சுவராகும். பாலைவன ஊருக்குப் பொருத்தம். ஜன்னலை வெட்டினால் அந்தத் தடிமன் ஓரத்தில் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் சுவருக்குக் கனம் வரும்.

மூலை இணைப்பில்தான் பலர் தோற்கிறார்கள். இரண்டு போர்டுகளை அப்படியே ஒட்டினால் வெள்ளை ஃபோம் ஓரம் பல்லிளிக்கும். ஒரு போர்டின் ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே, மேல் காகிதத்தையும் ஃபோமையும் மட்டும் கீறி எடுத்துவிட்டு, அடிக்காகிதத்தை விட்டுவையுங்கள். மற்றப் போர்டு அந்தப் பள்ளத்தில் உட்காரும். வெளியே காகிதம் மட்டுமே தெரியும். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு ஃபோமை வெட்டாமல் கிழிக்கும்.

ஒட்டுவதற்கு மரவேலைக்கான வெள்ளைப் பசை. சூப்பர் க்ளூ ஃபோமைக் கரைத்துவிடும். ஸ்ப்ரே பெயின்டும் அப்படித்தான், அதில் உள்ள கரைப்பான் வெட்டுவாய் வழியே உள்ளே போய்ச் சுவரைக் குழியாக்கும். அதனால் முதல் பூச்சாக வெள்ளைப் பசையும் கறுப்பு அக்ரிலிக்கும் சம அளவு கலந்து, வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லா இடத்திலும் தடவி, முழுக்கக் காயவிடுங்கள். இரண்டு பக்கமும் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் போர்டு வளையும்.

அதன் மேல் சுவர் பட்டி மூன்று பங்கு, வெள்ளைப் பசை ஒரு பங்கு, தேவைக்குத் தண்ணீர் கலந்து மெல்லிய பூச்சு. ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். மேற்கு விளிம்புகளை மட்டும் காய்ந்த பிறகு 180 எண் உப்புத்தாளால் உருட்டித் தேயுங்கள். கிழக்கு விளிம்பு கூராகவே இருக்கட்டும்.

படி 5: குழாய், இயந்திரம், சில்லறைச் சாமான்

1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் மாடல் கலைஞர்கள், கடைகளில் விற்கும் பீரங்கி, விமான பிளாஸ்டிக் கிட்களைப் பிரித்து, அந்தத் துண்டுகளை விண்கலங்களின் மேல் ஒட்டினார்கள். உங்களுக்குப் பேனா மூடி, பழைய சார்ஜரின் உட்பாகம், கடிகாரப் பல்சக்கரம், ஒயர் உறை போதும். ஆனால் தூவியதுபோல் ஒட்டாதீர்கள். ஓரிடத்தில் நெருக்கமாகக் குவித்து, பக்கத்தில் பெரிய வெற்றுச் சுவரை விடுங்கள். ஒவ்வொரு குழாயும் எங்கோ தொடங்கி எங்கோ முடிய வேண்டும். காற்றாலைகள் மேற்கு மாடி விளிம்பில், தண்ணீர்த் தொட்டிகள் கிழக்கு மறைவில். காரணம் சொல்ல முடியாத துண்டைப் பிடுங்கிவிடுங்கள்.

படி 6: தேய்மானமும் மணலும்

இந்தச் செய்முறையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான்.

அடிநிறம் மணல் பழுப்பு, முழு மேட். பளபளப்பு துளியும் கூடாது. ஒரு சின்ன மினுக்கம்கூட அளவைக் காட்டிக் கொடுத்துவிடும். காய்ந்ததும் வாஷ், அதாவது பள்ளங்களில் தேங்கி அவற்றைக் கறுக்க வைக்கும் நீர்த்த பூச்சு: அடர்பழுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் நீர் திட்டுத்திட்டாகத் தேங்கிக் காய்ந்து வளையம் விடும். அடுத்து ட்ரை பிரஷ்: அடிநிறத்தைவிட வெளிர்ந்த பெயின்டைத் தூரிகையில் தொட்டு, காகிதத்தில் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேடுகளில் மட்டும் உரசுங்கள்.

இனி விதிக்கு வருவோம். காற்றில் வரும் மணல் தரையை ஒட்டித்தான் அதிகம் பறக்கும். ஆகவே மேற்குச் சுவரின் அடியில் 1 முதல் 1.5 செ.மீ. வரை, நிஜத்தில் முழங்கால் உயரம், பூச்சு உரிந்து உள்ளிருக்கும் கல் தெரிய வேண்டும். மேலே போகப் போகத் தேய்மானம் குறையும். கிழக்குச் சுவரில் அந்தப் பட்டை இருக்காது. அங்கே பழைய நீலமோ பச்சையோ சாயம் இன்னும் பிழைத்திருக்கும்.

மழையில்லாத ஊரில் சுவரில் ஒழுகல் கறை வராது. துரு வழிந்த கோடுகளை எல்லா மாடலிலும் பழக்கத்தால் போடுவார்கள். இங்கே அது பொய். ஒரே இடத்தில் மட்டும் போடுங்கள், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஒரே கோடு. அதைப் பார்ப்பவருக்குச் சொல்லாமலே புரியும், இந்த ஊரில் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது என்று.

நிஜ மணலைக் கொட்டாதீர்கள். அரை மி.மீ. மணல் இந்த அளவில் 24 மி.மீ. கூழாங்கல். பட்டியால் மேடு அமைத்து, அதன் மேல் சுண்ணாம்புக்கட்டித் தூளும் பழுப்பு நிறத்தூளும் கலந்து, நைலான் துணியில் சலித்துத் தூவுங்கள். மேட்டின் சரிவு 34 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உலர்ந்த மணல் அதைவிடச் செங்குத்தாக நிற்காது. மேற்குச் சுவரில் மணல் சுவரோடு ஒட்டிக் குவியாது. மோதித் திரும்பும் காற்று அடியை அரித்துவிடும். சிறு இடைவெளி விட்டு மேடு எழுப்புங்கள். கிழக்கே, கட்டடத்தின் மறைவில், வால்போல் நீண்டு மெலியும் குவியல் செய்யுங்கள்.

படி 7: தூரம் என்னும் மூட்டம்

நிஜ நகரத்தில் தொலைவு கூடக்கூட நிறம் வெளிறும். பெயின்டிலேயே இதைச் செய்யலாம். அடிவானத்து வானத்தின் நிறத்தைத் தனிக்கிண்ணத்தில் கலந்து வைத்து, நடு வரிசைப் பெயின்டில் நான்கில் ஒரு பங்கும், பின்வரிசையில் பாதிக்குச் சற்று மேலும் சேருங்கள். வரிசைகளுக்கு இடையே மெல்லிய வெள்ளை நெட் துணியை இழுத்துக் கட்டினால் இன்னும் நன்று. சுருக்கம் தெரியக் கூடாது, நேரடி விளக்கொளி அதன் மேல் விழவும் கூடாது. புகை வேண்டாம். இந்த ஷாட்டை ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு நிலைப்படமாக எடுக்கும்போது புகை இடம் மாறி, படம் துடிக்கும்.

வானத்துக்கு வண்ணம் தீட்டிய தாளை 1.4 மீட்டரில் தொங்கவிடுங்கள். அடிவானக் கோடு லென்ஸின் உயரத்தில், மாடல் தரையிலிருந்து 3.3 செ.மீ. மேலே அமைய வேண்டும். இது தவறினால் முழு நகரமும் சாய்ந்ததுபோல் உறுத்தும், காரணம் கண்டுபிடிக்கவே நாளாகும்.

படி 8: ஒரே சூரியன்

மாலை வேளை என்று வைப்போம். வெயில் மேற்கிலிருந்து வந்து வெற்றுச் சுவர்களில் விழும். கிழக்கு ஜன்னல்கள் நிழலில் ஒளிரும்.

விளக்கை மாடலிலிருந்து 4 மீட்டர் தள்ளி, பலகையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் வையுங்கள். அது 25 டிகிரிச் சூரியன். 1 மீட்டரில் வைத்தால் பலகையின் மறுமுனைக்கு ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேரும். சூரியன் அப்படிச் செய்யாது. 4 மீட்டரில் 60 விழுக்காடு போகும். விளக்கின் முகம் சிறியதாக இருக்கட்டும். வானில் சூரியனின் அகலம் அரை டிகிரி. 4 மீட்டரில் அது 3.5 செ.மீ. அகலத்துக்குச் சமம். சாஃப்ட்பாக்ஸ் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் துணிப்பெட்டி) போட்டால் நிழல் கரைந்து, மாடல் கடை அலமாரிப் பொம்மையாகிவிடும். மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் மங்கலான நீல ஒளியைப் பாய்ச்சினால் வானத்தின் வெளிச்சம் கிடைக்கும்.

ஜன்னலுக்கு வெதுவெள்ளை எல்இடி: 9 வோல்ட் பேட்டரி, இரண்டு எல்இடி தொடராக, 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சுவரின் உட்புறம் கறுப்பு பூசாவிட்டால் ஃபோமே விளக்குபோல் ஒளிரும். ஜன்னலுக்குப் பின் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். எல்லா ஜன்னலும் எரிய வேண்டியதில்லை, மூன்றில் ஒன்று போதும்.

படி 9: ஃபிரேம் ஃபிரேமாக

லென்ஸின் துளையை எஃப் 16-க்குச் சுருக்கி, ஃபோகஸை 60 செ.மீ.க்கு வைத்தால் 38 செ.மீ. முதல் 1.4 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். பின்னணி மங்கினால் அது மினியேச்சர் என்று உடனே தெரிந்துவிடும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1 விநாடியில் தொடங்கிச் சரிசெய்யுங்கள். வைட் பேலன்ஸ், ஃபோகஸ் எல்லாம் கைமுறையில். ஒன்றை ஆட்டோவில் விட்டாலும் படம் மினுக்கும்.

கேமராவை நேரான மரச்சட்டத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் ஒட்டி நகர்த்துங்கள். முன்கட்டடத்திலிருந்து 50 செ.மீ.யில் தொடங்கி 40-ல் நிறுத்த வேண்டும். ஐந்து விநாடிக்கு 120 ஃபிரேம், சராசரியாக ஒரு ஃபிரேமுக்கு 0.83 மி.மீ. நிஜ அளவில் அது விநாடிக்குச் சுமார் 1 மீட்டர், நிதானமான நடை. முதல் 12 ஃபிரேமும் கடைசி 12 ஃபிரேமும் சிறு அடிகளாக இருக்கட்டும். நடுவில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நிலையிலும் இரண்டு படம் எடுங்கள்: ஜன்னல் விளக்கை அணைத்துச் சூரியனோடு ஒன்று, சூரியனை அணைத்து ஜன்னல் விளக்கோடு ஒன்று. எடிட்டிங்கில் இரண்டாவதை ஸ்க்ரீன் மோடில் (மேல் படத்தின் ஒளியை மட்டும் கீழ்ப் படத்தோடு சேர்க்கும் முறை) மேலே வைத்தால் ஜன்னல் வெளிச்சத்தைத் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். திரைச்சீலை மூடியிருக்கட்டும், கறுப்புச் சட்டை போடுங்கள், ஷட்டர் திறந்திருக்கும்போது ஒரே இடத்தில் நில்லுங்கள். வெள்ளைச் சட்டையில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும்.

படி 10: மணல் சரியும் ஷாட்

மாடியிலிருந்து மணல் கொட்டுவதுபோன்ற அசைவை ஃபிரேம் ஃபிரேமாக எடுக்க முடியாது. நிஜத்தில் 10 மீட்டர் விழ 1.43 விநாடி ஆகும். மாடலில் அது 21 செ.மீ., 0.21 விநாடியில் முடிந்துவிடும். எனவே 48-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 7 மடங்கு வேகத்தில் எடுக்க வேண்டும்: 24-ஐ 6.93-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 166 ஃபிரேம். செல்ஃபோனில் 240 வைத்து எடுத்து, 24 ஃபிரேம் காலக்கோட்டில் போட்டபின் வேகத்தை 145 விழுக்காடு ஆக்குங்கள். வழக்கமான 24 ஃபிரேமைவிடப் பத்து மடங்கு வெளிச்சம் தேவைப்படும். கொட்டுவதற்குச் சலித்த அதே தூளைத்தான் பயன்படுத்த வேண்டும். மேற்கிலிருந்து ஒரு சிறு மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால், விழும் தூள் நேராக விழாமல் கிழக்கே சாயும்.