சர்க்கரை நோயுள்ள பூனைக்கு வீட்டிலேயே இரத்தப் பரிசோதனையும் இன்சுலினும்: புதியவர்களுக்கான செய்முறை

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று கால்நடை மருத்துவர் உறுதி செய்ததும் பெரும்பாலான வீடுகளில் எழும் அச்சம் ஊசியைப் பற்றியதாகவே இருக்கிறது. மிக மெல்லிய அந்த ஊசியைப் பூனை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கவனம் தேவைப்படும் வேலைகள் எல்லாம் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே வந்துவிடுகின்றன. தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: சர்க்கரை ஒரு வேளை கூடியிருந்தால் பெருந்தீங்கு நேராது, ஆனால் மிகவும் குறைந்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். ஆகவே போட்டோமா இல்லையா, ஊசி உள்ளே இறங்கியதா என்று ஐயம் வந்தால், இன்னொரு முறை போடாமல் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள்.

அளவை மருத்துவரே முடிவு செய்வார். நான்கைந்து கிலோ எடையுள்ள பூனைக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 யூனிட் என்று தொடங்குவது வழக்கம். வீட்டுப் பெரியவர்கள் 20, 30 யூனிட் போட்டுக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம், ஆயினும் பூனைக்கு அரை யூனிட் வேறுபாடே பெரியது.

படி 1: குப்பிக்கு ஏற்ற சிரிஞ்ச்

இந்திய மருந்துக்கடைகளில் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் இன்சுலின் கிடைக்கிறது. மனிதர்களுக்கான சாதாரண இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டவை. பூனைகளுக்கு மருத்துவர்கள் விரும்பி எழுதும் கிளார்ஜின் என்ற இன்சுலின் பொதுவாக 100 யூனிட் கொண்டது. சிரிஞ்சுகளும் அதேபோல் இருவகை. 40க்கு உரியதன் மூடி பொதுவாகச் சிவப்பு, 100க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40க்கான சிரிஞ்சில் ‘1’ என்ற கோடு வரை எடுத்தால், பூனையின் உடலுக்குள் போவது 1 யூனிட் அன்று, இரண்டரை யூனிட். மாற்றிச் செய்தால் 0.4 யூனிட்தான் போகும். சர்க்கரை இறங்காததைப் பார்த்து அளவு கூட்டப்படும், பிறகு யாராவது சரியான சிரிஞ்சை வாங்கி வரும் நாளில் ஆபத்து வந்து சேரும். எனவே மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல், குப்பியிலும் சிரிஞ்சிலும் அச்சிட்டிருக்கும் எண்கள் ஒன்றாக உள்ளனவா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படித்துப் பாருங்கள். கிளார்ஜினுக்கு, அரை யூனிட் கோடுகள் கொண்ட 0.3 மில்லிலிட்டர் சிரிஞ்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

குப்பியை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில், ஃபிரிட்ஜின் கதவில் அல்லாமல் உள்தட்டில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் உதவாது. கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள். பால்போன்ற வகைகளை மட்டும் உறையில் சொல்லியபடி கலக்கி எடுக்க வேண்டும்.

படி 2: காதிலிருந்து ஒரு துளி

பூனையின் காது மடலின் ஓரத்தை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய இரத்தக்குழாய் தெரியும். அந்த இரத்தக்குழாய்க்கும் காது விளிம்புக்கும் இடையில் குத்துவதே நோக்கம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதைச் சற்று நேரம் சூடாக்கினால் இரத்தம் எளிதில் வரும். பழகாத காதில் இது மிகவும் அவசியம். பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லிய படலமாகத் தடவினால், துளி முடியில் பரவாமல் உருண்டு நிற்கும். காதின் மறுபக்கத்தில் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டு, லான்செட் என்னும் சிறு குத்தூசியால் ஒரு குத்து குத்துங்கள். துளியைக் குளுக்கோமீட்டரில் செருகிய சோதனைப் பட்டையின் முனையில் தொட்டவுடன், அதே பஞ்சால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பூனைக்குப் பிடித்த ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடுங்கள். இந்தக் கையூட்டைத் தவறாமல் கொடுத்து வந்தால், குளுக்கோமீட்டரை எடுத்ததும் தானாக வந்து உட்காரும் பூனைகளும் உண்டு.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையின் இரத்தத்தில் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். பூனைகளில் குளுக்கோஸின் மிகப் பெரும்பகுதி சிவப்பணுக்களில் அல்லாமல் பிளாஸ்மாவில் இருப்பதே காரணம். விலங்குகளுக்கான ஆல்ஃபாட்ராக் போன்ற கருவி கிடைக்காவிட்டால் மனிதக் கருவியே போதும், ஆனால் இடையில் கருவியை மாற்றாதீர்கள். எந்தக் கருவி என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 3: எண், உணவு, ஊசி என்ற வரிசை

ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு சர்க்கரையைப் பாருங்கள். நலமான பூனைக்கு ஒரு டெசிலிட்டரில் ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும். சிகிச்சையில் உள்ள பூனைக்கு நாளின் பெரும்பகுதி 100க்கும் 300க்கும் இடையில் இருந்தாலே தாகமும் சிறுநீரும் குறையத் தொடங்கும். புதியவர்கள், எண் 200க்குக் கீழே இருந்தால் ஊசி போடாமல் மருத்துவரை அழைப்பது நல்லது. மிரண்ட பூனைக்குச் சர்க்கரை 300க்கு மேலும் ஏறும் என்பதால், மருத்துவமனையில் எடுத்த எண்ணைவிட வீட்டில் எடுத்ததே நம்பத்தக்கது.

எண் சரியாக இருந்தால் உணவு வையுங்கள். பூனை சாப்பிடத் தொடங்கிய பிறகே ஊசி போட வேண்டும். சாப்பிட மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த வேளையும் உண்ணாவிட்டால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் இரத்தத்தில் கூடும் ஆபத்து உண்டு என்பதால் நேரில் கொண்டு செல்லுங்கள்.

விலாப்புறத்திலோ வயிற்றின் பக்கவாட்டிலோ தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் சாய்வாகச் செலுத்தி மருந்தை இறக்குங்கள். இடத்தை நாள்தோறும் மாற்றுங்கள். முடி ஈரமாக இருந்தால் மருந்து வெளியே சிந்தியிருக்கலாம். எவ்வளவு சிந்தியது என்று அறிய வழியில்லாததால், மீண்டும் போடக் கூடாது.

சர்க்கரை தாழ்ந்துவிட்டால்

60க்குக் கீழே இறங்கினாலோ பூனை தள்ளாடினாலோ நடுங்கினாலோ உடனே உணவு கொடுங்கள். உண்ண முடியாத நிலையில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்த பூனையின் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், கையையும் விடாதீர்கள். தேன் தடவியபின் தேறியதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், ஏனெனில் உடலில் உள்ள இன்சுலின் தேனைவிட நீண்ட நேரம் வேலை செய்யும்.

குறிப்பேடும் அளவு மாற்றமும்

தேதி, நேரம், எண், போட்ட யூனிட், உண்ட அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வீட்டில் இருவர் ஊசி போடுவதாக இருந்தால், நோட்டில் எழுதாத ஊசியை அடுத்தவர் அறியாமல் இரண்டாம் முறை போட்டுவிடக்கூடும். மருத்துவர் கேட்கும் நாளில், ஊசி போட்டதிலிருந்து 12 மணி நேரத்துக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்த்து எழுதுங்கள். மிகத் தாழ்ந்த எண் எது, அது எப்போது வந்தது என்பதே அளவை நிர்ணயிக்கும். ஒரு நாள் எண் கூடிவிட்டதற்காக நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்; ஒரு வாரம் பார்த்து, அரை யூனிட்டாக மாற்றுவதே முறை.

உணவில் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவது இன்சுலின் தேவையை விரைவாகக் குறைக்கும். இதை மருத்துவருக்குச் சொல்லாமல் தொடங்கினால் பழைய அளவே மிகையாகிவிடும். தொடக்கத்திலேயே முறையான சிகிச்சை பெற்ற பூனைகளில் பலவற்றுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலையும் வருவதுண்டு. அப்போதும் குளுக்கோமீட்டரைத் தூக்கிப்போட வேண்டாம். நோய் திரும்பக்கூடும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறையாவது காதிலிருந்து ஒரு துளி எடுத்துப் பார்த்து வாருங்கள்.