உதவி கேட்கும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்

யாரிடமாவது சின்ன உதவி கேட்கிறீர்களா, எதற்கு என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றால் முறைப்பார்கள். அதையே "அண்ணா, பையனுக்கு வளைவுல குமட்டும், ஜன்னல் பக்கம் குடுக்கறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், முடிப்பதற்குள் எழுந்துவிடுவார், பக்கத்து சீட்டு அக்கா எலுமிச்சம்பழமே நீட்டுவார்.

எல்லன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஜெராக்ஸ் மெஷின் அருகே இதைச் சோதித்து 1978-இல் வெளியிட்டார்கள். ஐந்து பக்கம்தான், முதலில் எடுத்துக்கொள்கிறேன் என்று வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டார்கள். அவசரம் என்றதும் 94. 'ஜெராக்ஸ் எடுக்கணும், அதனால' என்ற உப்புச்சப்பில்லாத காரணத்துக்கே 93! ஆனால் 20 பக்கம் என்றதும் அந்த வெற்றுக் காரணம் எடுபடவில்லை. பெரிய உதவிக்கு நிஜமான காரணம் வேண்டும்.

அதற்காகப் பொய் மட்டும் சொல்லாதீர்கள். கோத்தகிரி மாதிரி சின்ன ஊரில் நாளைக்கே மார்க்கெட்டில் அதே ஆளைப் பார்த்தாக வேண்டும்.

அப்புறம், மறுக்கவும் வழி விடுங்கள். "ஊட்டிக்குப் போறப்ப அம்மாவை ஆஸ்பத்திரில இறக்கி விடறீங்களா? முடியலைன்னா சொல்லுங்க, பஸ்ல போய்க்கறோம்." இப்படிக் கேட்டால் இன்னும் அதிகம் பேர் சம்மதிக்கிறார்கள், பிரான்சில் நடந்த ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. கேட்டதும் பேசாமல் இருங்கள், அவர் யோசிக்கட்டும். உதவினால், டாக்டர் என்ன சொன்னார் என்று சாயங்காலமே போன் போட்டுச் சொல்லுங்கள்.